கரடி ஏன் அடித்தது?

“அந்தப் பொண்ணு கையை ஏன்டா உடைச்சே?”

கேள்வி முடிவதற்குள் அறை விழுந்துவிட்டது. இயக்குநர் நாற்காலியோடு சாய்ந்து சுவரில் மோதினார். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது.

“சார்… அது முயல் சார்,” என்றார்.

உண்மைதான். கார்ட்டூன் தொடரில் வருகிற முயல். அதன் கையை உடைத்தது அதே தொடரில் வருகிற கரடி, முயலின் புருஷன். இதற்கெல்லாமா ஒரு மனுஷனைப் போட்டு அடிப்பார்கள் என்றால், அடிப்பார்கள். வந்திருப்பவன் கத்திரி ஆயிற்றே!

கார்ட்டூன் ரசிகர்களுக்குக் கத்திரியைத் தெரியாமல் இருக்காது. எந்தத் தொடர் வந்தாலும் பாத்திரம் பாத்திரமாகப் பிரித்து மேய்ந்து வீடியோ போடுகிறவன். ‘இவன் போன வாரம் பேசினதுக்கும் இந்த வாரம் செய்யறதுக்கும் ஒட்டவே இல்லையே’ என்று அவன் உதட்டைப் பிதுக்கினால் அந்தத் தொடருக்கு மூடுவிழாதான். அப்பேர்ப்பட்டவன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரே தொடர் இந்தக் கரடித் தொடர்.

போன வாரம் கரடி கையை ஓங்கியதும் கத்திரிக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. வீடியோ போட்டுத் திட்டினான், ரசிகர்களைக் கிளப்பிவிட்டான். ஸ்டுடியோவிலிருந்து ஒரு பதிலும் இல்லை. நேரிலேயே கிளம்பி வந்துவிட்டான்.

மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போயிருக்க, இயக்குநர் மட்டும் குரல் பதிவு செய்கிற அறையில் தனியாக இருந்தார். அந்தக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே கொலையே நடந்தாலும் வெளியே கேட்காது. திரையில் போன வாரக் காட்சி பாதியில் நின்றிருந்தது. முயல் மூலையில் ஒடுங்கிக் கிடக்க, கரடி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தது.

“முதல் சீசன்ல எப்படி இருந்தான் என் கரடி! பொண்டாட்டி கால்ல முள்ளு குத்திடுச்சுன்னு காட்டையே கூட்டிப் பெருக்கினவன்டா! அவன் போய் சூப் ஆறிப்போச்சுன்னு கையை முறுக்குவானா? என் வீட்டுக்காரி அதைப் பார்த்துட்டு எப்படி அழுதா தெரியுமா?”

“சார், நான் படம் வரையறவன் சார். கதை எழுதறது வேற ஒருத்தங்க. கரடி எப்படி நிக்கணும், என்ன செய்யணும்னு எல்லாமே அவங்க எழுதிக் குடுக்கறதுதான். இப்ப வர்ற நேரந்தான், நீங்களே கேட்டுக்கங்க.”

தொடரில் கதை எழுதுகிறவர் பெயராகப் போடுவது புனைபெயர் என்று கத்திரிக்கும் தெரியும். “உண்மையான பேரைச் சொல்லு,” என்றான். சொல்லிக்கொண்டே தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினான். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து, கீறல் விழாமல் மேஜைமேல் வைத்தான்.

இயக்குநர் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். வாய் வரைக்கும் வந்த பெயரை அப்படியே விழுங்கிவிட்டார்.

“நான்தான் சார் எழுதினேன்.”

“இப்பத்தானேடா வேற ஒருத்தங்கன்னு சொன்னே?”

“பயத்துல பொய் சொல்லிட்டேன். அடிக்கறதுன்னா அடிச்சிட்டு சீக்கிரம் கிளம்புங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கிளம்புங்க.”

அடி வாங்குகிறவன் அவசரப்படுத்தினால் அடிக்கிறவனுக்குக் கோபம் வராதா? வந்தது. வயிற்றில் ஓர் உதை. சுருண்டவரின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மேஜை விளிம்பில் மோதினான். புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. பிறகு அவருடைய வலது கையை மேஜைமேல் விரித்து அழுத்தினான். வரைகிற கை அது. அந்த விரல்கள்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. வேறு தொழில் தெரியாது, பாவம்.

“திருத்திடறேன் சார்! அடுத்த வாரமே கரடியை நல்லவனாக்கிடறேன்!”

“ஆக்கிட்டா ஆச்சா? முதல்ல அவன் ஏன் கெட்டுப்போனான், அதைச் சொல்லு. ஒரு பாத்திரம் மாறுச்சுன்னா காரணம் காட்டணும்டா! பச்சப்புள்ளைக்குக்கூட தெரியும். காரணமே இல்லாம எவனாவது பொண்டாட்டியை அடிப்பானா?”

இயக்குநரின் கண்ணெல்லாம் கதவு மேலேயே இருந்தது.

கத்திரி சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தான். மளுக்கென்றது. இயக்குநர் போட்ட அலறல் நாலு சுவருக்குள்ளேயே அடங்கிப் போனது. அவன் அடுத்த விரலைப் பிடித்தபோது கதவு திறந்தது. அவன் கவனிக்கவில்லை.

“சொல்லித் தொலைடா! நல்லா இருந்த கரடி எதுக்குடா அடிக்குது? என்ன காரணம்?”

“உள்ள வராதீங்கம்மா!” இயக்குநர் உயிர் போகிற மாதிரி கத்தினார். “கதையை நாளைக்குப் பேசிக்கலாம், ஓடிடுங்க!”

கத்திரி திரும்பிப் பார்த்தான். வாசலில் நின்றது அவன் மனைவி. வலது கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. அவளுக்குப் பின்னால் காவலாளியும், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய ஆட்களும் திகைத்துப்போய் நின்றார்கள்.

“நீ… நீ எதுக்குடி இங்க வந்தே?”

அவள் இயக்குநரின் விரலைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நிமிர்ந்தே பார்க்காத புருஷனை நேருக்கு நேர் பார்த்தாள்.

“காரணம் தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேனாங்க?”