நாலு பேர் நிற்கிற குளம்

ஒரு கொக்கும் அவன் பெண்டாட்டி வெண்ணியும் பசியோடு பறந்து வந்தார்கள். கீழே ஒரு குளம். கரையோரம் ஏழெட்டுக் கொக்குகள் வரிசையாக நின்றன.

“தண்ணியில ஒரு மீன்கூடத் துள்ளலைங்க,” என்றாள் வெண்ணி. அவளுக்கு அந்த இடமே பிடிக்கவில்லை.

“அத்தனை பேர் நிக்கிறாங்க. அவங்கெல்லாம் முட்டாள், நீ மட்டும் மேதாவியா? இறங்குடி,” என்றான் புருஷன்.

இறங்கினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் இரை தேடவும் இல்லை. பக்கத்தில் நின்ற கிழக் கொக்கிடம் வெண்ணி, “அக்கா, இங்கே மீன் உண்டா?” என்று கேட்டாள்.

அது முகத்தைத் திருப்பியது. அதன் கண் இமைகளை யாரோ நூல் போட்டுத் தைத்திருந்தார்கள்.

“யாரும்மா அது? உன்னை மாதிரி பறந்து போறவங்களை ஏமாத்தி இறக்கத்தான் வேடன் எங்க காலைக் கட்டி நிறுத்தியிருக்கான். எல்லாருக்கும் கண்ணைத் தைச்சாச்சு. நீயாவது போயிடு,” என்றது.

வெண்ணி பதறிப்போய்ப் புருஷனிடம் ஓடினாள். அப்போது கரையிலிருந்த புதர் ஒன்று அசைந்தது. காற்றே இல்லை. புதர் மெல்ல நடந்து வந்தது.

“புதர் நடக்குதுங்க! வாங்க, பறந்திடலாம்!”

புருஷனும் பார்த்தான். சிறகைப் பாதி விரித்தான். வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.

“கத்தாதடி. எல்லாரும் சும்மாதானே நிக்கிறாங்க? நாம மட்டும் அலறி ஓடினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“அவங்களுக்குக் கண்ணே தெரியாதுங்க!”

“மெதுவாப் பேசு. காதுல விழப்போகுது.”

வெண்ணி எழும்பிவிட்டாள். கீழே அவன் கழுத்தை நிமிர்த்தி, இறகைச் சரிசெய்துகொண்டு, மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்றான். புதர் அவனுக்கு நேர் பின்னால் வந்து நின்றது.