களத்தில் அழிந்த கால்தடம்

அவள் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது.

எதிரே பதினெட்டுப் பேர். எல்லோரும் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீண்டவர்கள். அவள் கையில் இருப்பது அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி அச்சடித்த புத்தகம். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி ஒருவர் கதையை வாசிப்பார்கள்.

தன் கதையைத் தானே வாசிக்கக் கூடாது. இங்கே அது வழக்கம். தானே வாசித்தால் வலித்த இடத்தை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார்கள். அதனால் இன்னொருவர்தான் வாசிப்பார்.

இன்று பூங்காவனத்தின் கதை. வாசிக்கும் முறை அவளுக்கு வந்தது.

பூங்காவனம் முன்வரிசையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசிப்பவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து. மேட்டில் ஏறும் மாட்டுவண்டி மாதிரிதான் போகும். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

விரலை நகர்த்தி வாசித்தாள்.

"மத்தியானம் மேஸ்திரி சாப்பிடப் போனதும் ஓடினேன். களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் குறுக்கே ஓடினேன். இடிந்த சுவரைத் தாண்டி முள்ளுக்குள் விழுந்த பிறகுதான் உறைத்தது. நெல்லில் என் கால்தடம் கிடக்கும். அதுவே ஆளைக் கூட்டிக்கொண்டு வரும்."

ஆலையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெரியும். காயும் நெல்லைக் காலால்தான் துழாவ வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கோடு கோடாக. கோட்டின் மேல் வேறு கால் பட்டால் குருடனுக்கும் தெரிந்துவிடும்.

"பிடிபட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் மேஸ்திரி ஆட்கள் சுவர்ப்பக்கம் வரவில்லை. வாசல் கேட்டுக்கு ஓடினார்கள். முள் இடுக்கில் பார்த்தேன். நெல் கோடு கலையாமல் கிடந்தது. என் தடத்தை யாரோ துழாவி அழித்திருந்தார்கள். அந்தப் புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெயரைத்தான் என் பிள்ளைக்கு வைத்திருப்பேன்."

அழித்தது, வாசித்துக்கொண்டிருக்கும் அவள்தான்.

புண்ணியமும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. அந்த அரை மணி அவள் முறை. நெல் மிதிபட்டுக் கிடப்பதை மேஸ்திரி பார்த்தால் முதுகுத்தோலை உரித்துவிடுவான். எந்தச் சனியன் மிதித்தது என்று திட்டிக்கொண்டே துழாவினாள். பூங்காவனம் ஓடிப்போன விஷயமே அப்போது அவளுக்குத் தெரியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

திட்டிக்கொண்டே ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உடனே வெட்கமாக இருந்தது.

அவள் கதையும் இதே புத்தகத்தில் இருக்கிறது, பத்துப் பக்கம் தள்ளி. அதில் அந்த மத்தியானம் இல்லை.

அடுத்த வரியைக் கண் முன்னமே பார்த்துவிட்டது. விழுங்கிவிடலாம். பூங்காவனத்துக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்தவர்களும் இப்போது காதால்தான் படிக்கிறார்கள்.

ஆனாலும் ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள்.

"அன்று சாயங்காலம் நெல் அவிக்கும் காத்தவராயன் அண்ணனைத் தூணில் கட்டிவைத்து அடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எதற்கென்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்து நடக்கவில்லையாம். தாசில்தார் வந்து எல்லோரையும் மீட்டபோது அவர் இல்லை. செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது."

புத்தகத்தை மூடினாள்.

பூங்காவனம் உட்கார்ந்தபடியே நகர்ந்து அருகில் வந்தாள்.

"அக்கா, நீயும் அன்னைக்கு அங்கதான இருந்தே. நெல்லத் துழாவுனது யாருன்னு தெரியுமா? தெரிஞ்சா சொல்லுக்கா. ஒரு தடவ அந்தக் கால்ல விழுந்து எந்திரிச்சாப் போதும் எனக்கு."

பதினெட்டு முகங்களும் அவளையே பார்த்தன.

நான்தான் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. சொன்னால் பூங்காவனம் இந்தக் காலைப் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டே அடுத்ததையும் கேட்பாள். அப்படியென்றால் அந்த மனுஷரை எதற்கு அடித்தார்கள் என்று கேட்பாள்.

அவள் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காத்தவராயன் அண்ணன்" என்றாள்.

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்திய கை நிற்கவில்லை. எனக்காகவா அடிபட்டார், எனக்காகவா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சூளையிலிருந்து மீண்ட ஒருவர் எழுந்து நின்று கைகூப்பினார். மற்றவர்களும் எழுந்தார்கள். அடுத்த பதிப்பில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பேனா ஒன்று கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது.

புத்தகத்தின் ஓரத்தில் பெயரை எழுதினாள். ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் சுவரோரம் தடம் கண்டு, நெல்லைத் துழாவியது யார் என்று மேஸ்திரி கேட்டபோதும், தன் முறையை மறைத்து இந்தப் பெயரைத்தான் சொன்னாள்.

நான் இல்லை என்று காத்தவராயன் சொல்லவில்லை. அவளை ஒருமுறை பார்த்தார்.