நூறாவது இறகு

அந்த வீடியோ கேமில் நூறு இறகுகள் ஒளிந்திருந்தன. தொண்ணூற்றொன்பதை எடுத்துவிட்ட வீரன், கடைசி இறகுக்காக ஒரு மாதமாக மலையும் கூரையுமாக ஏறி இறங்கினான். இன்று அருவிவரை வந்தும் காணாமல், எரிச்சலில் தண்ணீரை வாளால் வெட்டிக்கொண்டிருந்தான்.

அருவிக்குப் பின்னால் இருந்த இறகுக்கு மனசு கேட்கவில்லை. “பாவம், கொஞ்சம் மினுங்கட்டுமா?” என்று பாறைத் தவளையிடம் கேட்டது.

“வேண்டுமானால் மினுங்கு. ஆனால் நூறும் கிடைத்துவிட்டால் ஆட்டத்தை மூடிவிடுவார்கள். அப்புறம் நமக்கு இருட்டுதான்.”

இறகு வெளியே எட்டிப் பார்த்தது. வீரன் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தான். அது மினுங்கியது.

வீரன் இறகைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குதித்தான்.

“பார், எப்படிச் சிரிக்கிறான்!” என்றது இறகு.

“ம், அழகாத்தான் சிரிக்கிறான்” என்று தவளை சொல்லி முடிப்பதற்குள் திரை அணைந்தது.