கிளிசரின் வேண்டாதவள்

விளக்குச் சூட்டில் நடிகையின் முகப்பூச்சு கசிகிறது. காட்சிப்படி அவள் மகள் செத்துக் கிடக்கிறாள். கட்டிலில் கிடப்பதென்னவோ துணி சுற்றிய தலையணை. "அக்காவுக்குக் கிளிசரின் எதுக்கு, கண்ணீர் தானா கொட்டும்" என்று ஒப்பனைக்காரி வழக்கம்போலக் குப்பியை மூடுகிறாள். நடிகை கண்களை மூடிக்கொள்கிறாள். பதினோரு வருடமாக, அழவேண்டிய போதெல்லாம், காய்ச்சலில் போன தன் சொந்த மகளின் முகத்தைத்தான் கூப்பிடுகிறாள். அதுவும் தவறாமல் வந்திருக்கிறது. இன்று வருவது, போன மாதம் மகளாக நடித்த சிறுமியின் முகம். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தேடுகிறாள். மகளின் நெற்றியில் ஒட்டிய ஈரமுடி வருகிறது. அதற்குக் கீழே அதே சிறுமியின் முகம். "ரெடியாம்மா?" என்கிறார் இயக்குநர். காய்ந்த கண்களைத் திறந்து, ஒப்பனைக்காரியிடம் கையை நீட்டுகிறாள். "குடு. இனிமே எனக்கும் வேணும்."