சர்வேயர் தேடிய புதையல்

"மேடம், நீங்களே வந்து பாருங்க. ஆபீஸ் நேரத்துல கேம் விளையாடிக்கிட்டிருக்காரு நம்ம சர்வேயர்!"

ஹெட் கிளார்க்குக்கு மூச்சு வாங்கியது. நகராட்சி ஆபீஸ் மாடிப்படியை அவர் இவ்வளவு வேகமாக ஏறி யாரும் பார்த்ததில்லை.

கமிஷனர் அம்மா பேனாவை மூடினார். "என்ன கேம்?"

"நாற்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊரு எப்படி இருந்துச்சோ அப்படியே வரைஞ்சு, ஒரு புதையல் கேம் வந்திருக்கே, அதுதான். மூணு நாளா இதே வேலை. வெளியில ஜனம் காத்துக் கிடக்கு."

ஜனம் என்றால் அன்றைக்கு ஒரே ஒருவர். கடைத்தெருவில் துணி தைக்கும் தையல்காரம்மா. ஆறு மாதமாக மனுவும் கையுமாக அலைகிறார்.

அவர் வீட்டுக்குப் போகிற சந்து அடைபட்டுவிட்டது. கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆம்புலன்ஸ் உள்ளே வராது. மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுச் சமையலறை வழியாகத் தூக்கிப் போகிறார்கள். அந்த வீடும் அடுத்த மாதம் கைமாறப் போகிறது. வாங்குகிறவர் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஹெட் கிளார்க் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத்தான் சொல்லி அனுப்புவார். "ஏம்மா, அங்க சந்துன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. நான் அந்தத் தெருவுலயே பிறந்து வளர்ந்தவன். பழைய வரைபடத்தைக் கரையான் தின்னுடுச்சு. ஆதாரம் இருந்தா கொண்டாங்க, பார்க்கலாம்."

"உங்களுக்குத் தெரியாததா சார்?" என்பார் தையல்காரம்மா. அவ்வளவுதான். திரும்பிப் போய்விடுவார்.

கீழே சர்வேயர் அறையில், கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் கத்தியோடு ஒரு திருடன். மேஜைமேல் ஆறிப்போன டீ. கமிஷனர் வந்து நின்றதுகூட சர்வேயருக்குத் தெரியவில்லை.

"என்ன, புதையல் கிடைச்சுதா?"

சர்வேயர் துள்ளி எழுந்தார். அந்த நேரம் பார்த்துத் திருடன் குத்திவிட்டான்.

"இருபத்திமூணாவது தடவை செத்துட்டேன் மேடம்," என்றார் பரிதாபமாக.

"சம்பளம் வாங்கிக்கிட்டு சாகறாரு, பாருங்க," என்றார் ஹெட் கிளார்க்.

"ஒரே நிமிஷம் மேடம், இதைப் பாருங்க." சர்வேயர் ஆட்டத்தை மறுபடி தொடங்கி, பழைய ஐஸ் பேக்டரி பக்கம் போய் நிறுத்தினார். சுவரை ஒட்டி ஒரு சந்து. ஒரு வண்டி தாராளமாகப் போகும். கடைசியில் ஒரு சின்ன வீடு, வாசலில் அடிபம்பு.

கதவோரம் நின்ற தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். "ஐயோ, எங்க வீடு! அந்த பம்பு இன்னும் இருக்கு மேடம்!"

"இப்ப இந்தச் சந்துல என்ன இருக்கு?" என்று கேட்டார் கமிஷனர்.

தையல்காரம்மா தயங்கினார். ஆறு மாதமாக வாய்வரை வந்து திரும்பிப் போன பதில் அது.

"ஹெட் கிளார்க் சாரோட கார் ஷெட்டு மேடம்."

ஹெட் கிளார்க் அசரவில்லை. சிரித்தார். "மேடம், இது பொம்மைப் படம். எவனோ உட்கார்ந்து வரைஞ்சது. இன்னைக்குச் சந்து வரைவான், நாளைக்குச் சமுத்திரம் வரைவான். இதெல்லாம் ஒரு ஆதாரமா?"

சட்டப்படி அவர் சொன்னது சரி.

"அதுக்குத்தான் மேடம் விளையாடறேன்," என்றார் சர்வேயர். "ஊர்க்காரங்க குடுத்த பழைய போட்டோவைப் பார்த்துத்தான் ஒவ்வொரு தெருவையும் வரைஞ்சிருக்காங்க. எந்தப் படம் யார் குடுத்ததுன்னு கடைசியில போடறாங்களாம். ஆனா புதையலை எடுத்தாத்தான் அது வரும். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், பதிலே இல்ல. எனக்கு நிலம் அளக்கத்தான் வருது, ஓட வரல."

கமிஷனர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நகருங்க. வீட்டுல என் பொண்ணோட தினமும் இதே கேம்லதான் மல்லுக்கட்டறேன்."

அப்புறம் நடந்ததை அந்த ஆபீஸ் லேசில் மறக்காது. "கிணத்துப் பக்கம் மேடம், கிணத்துப் பக்கம்!" என்று சர்வேயர் கத்த, "குதிங்க மேடம்!" என்று தையல்காரம்மா கத்த, கமிஷனர் திருடனைக் கிணற்றில் தள்ளிவிட்டுப் புதையல் பெட்டியைத் திறந்தார்.

ஹெட் கிளார்க் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "யார் வேணா குடுத்திருக்கட்டும் மேடம். குடுத்த ஆளு நேர்ல வந்து, இது இன்ன இடம்னு கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்."

படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஐஸ் பேக்டரி வந்தது. சந்தின் நடுவில் ஒரு பையன், புத்தம்புது சைக்கிளோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கீழே இருந்ததைக் கமிஷனர் சத்தமாகவே படித்தார். "'எங்கள் வீட்டை ஒட்டிய சந்தில், என் முதல் சைக்கிளுடன் நான். படம் தந்து உதவியவர், நகராட்சி ஹெட் கிளார்க்.'"

பிறகு பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

"நேர்லயேதான் இருக்கீங்க. போடுங்க கையெழுத்தை."