இடப்பக்கத்துக் குரல்

"அந்த வசனத்தை உனக்கு யாருடா சொல்லிக் கொடுத்தது?"

நாடக ஆசிரியர் சென்னகிருஷ்ணன் இப்படிக் கேட்டபோது, வேலன் தேங்காயெண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கக் கன்னம் மட்டும் இன்னும் ரோஸ் நிறத்தில் இருந்தது.

"பின்னாலிருந்து வந்துச்சுங்க வாத்தியாருங்க. வந்ததைச் சொன்னனுங்க."

பொய் சொல்கிற ஆள் இல்லை. வேலனுக்கு எழுத்து தெரியாது. படுதாவுக்குப் பின்னால் நின்று கலீல் ரஹ்மான் நோட்டைப் பார்த்து வசனத்தை மெல்ல எடுத்துக் கொடுப்பார். காதில் விழுவது அப்படியே வேலன் வாயில் வந்துவிடும். நடிப்பு மட்டும் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஓலைக் கொட்டகை போட்டுப் பத்து நாளாக, தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு நாடகம். கதாநாயகன், கதாநாயகி, வில்லன் எல்லாரும் உண்டு. ஆனால் ஊர் திரண்டு வந்தது வேலன் போட்ட சிங்காரம் வேஷத்துக்குத்தான். சிங்காரம் ஓர் ஆண். இன்னோர் ஆண் மேல் ஆசை வைத்தவன். சிரிப்பதற்கு அது போதாதா? காதோரம் மல்லிகைப்பூ, நடையில் ஒரு குலுக்கல், வாயைத் திறந்தால் 'ராசா, ராசா' என்று ஒரு குழைவு. அவன் தகரப்பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் கதாநாயகனுக்காகக் காத்து நிற்பான். கதாநாயகன் வரமாட்டான். சிங்காரம் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பான். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இப்படிப்பட்ட ஒருவனை நாடகத்திலும் சினிமாவிலும் யார்தான் மனுஷனாகக் காட்டினார்கள்? சென்னகிருஷ்ணன் மட்டும் எதற்கு மெனக்கெடப் போகிறார்!

ஆனால் இரண்டு நாளாக அந்தக் காட்சியில் சிரிப்பே இல்லை. வேலன் ஒப்பாரி வைக்காமல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அமைதியாகப் பேசினான்.

"நாலாவது பஸ்ஸும் போயிருச்சுங்க. கோவமெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு ஊடு இருக்குது, சாதிசனம் இருக்குது."

அவ்வளவுதான். கொட்டகை அடங்கிப்போனது. முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நோட்டில் இருந்ததைத் தவிர ஒரு எழுத்துகூடத் தான் படிக்கவில்லை என்று கலீல் ரஹ்மான் சத்தியம் செய்தார்.

"பாய் வலப்பக்கம் நின்னாருங்க. இது இடப்பக்கமிருந்து வந்துச்சுங்க" என்றான் வேலன். "காதுகிட்ட ஈரக்காத்தாட்ட இருந்துச்சுங்க."

இடப்பக்கம் ஓலைத் தட்டி மட்டும்தான். வெளியிலிருந்து அந்தப் பக்கமாக ஆள் நுழைய வழி கிடையாது. சென்னகிருஷ்ணன் போய்த் தடவிப் பார்த்தார். தட்டி நனைந்திருந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

அவருக்குப் பயத்தைவிடக் கவலைதான் பெரிதாக இருந்தது. மறுநாள் கோயமுத்தூர் ஸ்டுடியோ முதலாளி ஒருவர் நாடகம் பார்க்க வருவதாக இருந்தது. சிங்காரம் வேஷம் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறதாமே, பிடித்திருந்தால் படமாக எடுத்துவிடலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். மில்லில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே பன்னிரண்டு வருஷமாக நாடகம் எழுதும் சென்னகிருஷ்ணனுக்கு அது ஒன்றுதான் கனவு. காட்சி கெட்டால் கனவும் போச்சு.

அதனால் மறுநாள் கலீல் ரஹ்மானை ஜனத்தோடு உட்காரச் சொல்லிவிட்டு, நோட்டைத் தானே எடுத்துக்கொண்டார். இடப்பக்கம் அந்தத் தட்டியோரமே போய் நின்றார்.

"இன்னிக்கு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். என் குரலைத் தவிர வேறெதையும் காதுல வாங்காதே."

"சரீங்க" என்றான் வேலன்.

நாடகம் நன்றாகவே நடந்தது. சிங்காரம் முதல் தடவை குலுக்கி நடந்தபோது ஸ்டுடியோ முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். சென்னகிருஷ்ணனுக்கு உயிர் வந்தது. பஸ் நிறுத்தக் காட்சி வந்ததும் நோட்டில் அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டார்.

வேலன் பெட்டியைக் கீழே வைத்தான். காதைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தான்.

"நாலாவது பஸ்ஸும் போயிருச்சுங்க. கோவமெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு ஊடு இருக்குது, சாதிசனம் இருக்குது." அன்றைக்கு அவன் அதோடு நிறுத்தவில்லை. "எனக்கு நீங்க மட்டுந்தானுங்க இருந்தீங்க. இங்க பக்கத்துல ஒரு கெணறு இருக்குதுங்க. தண்ணி நெறயக் கெடக்குது. என்னைத் தேட வேண்டாமுங்க."

யாரும் இருமக்கூட இல்லை. ஸ்டுடியோ முதலாளி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அழுகைப் படம் தன்னிடம் ஏற்கெனவே நாலு கிடப்பதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

திரை விழுந்ததும் சென்னகிருஷ்ணன் ஓடிவந்து வேலனின் சட்டையைப் பிடித்தார்.

"யாருடா சொன்னது? நான் நின்ன எடத்துல வேற யாருமே இல்லையே!"

வேலன் மிரண்டுபோய் அவரைப் பார்த்தான்.

"நீங்கதானுங்க சொன்னீங்க. நோட்டை மூடிப்போட்டு, கண்ணையும் மூடிட்டு, நீங்களேதானுங்க சொன்னீங்க."

சட்டையைப் பிடித்த கை தானாக விட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தன்னோடு ஊரைவிட்டு வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்த சென்னகிருஷ்ணனுக்காகக் கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் காத்து நின்றுவிட்டு, கிணற்றில் விழுவதற்கு முன் ஆறுச்சாமி எழுதிப் போட்ட கடிதம்தான் அந்த வசனம். படித்த கையோடு அடுப்பில் போட்டவருக்கு அதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.