நிசார் ஸ்பெஷல்

“தடவிப் பாத்தா ஆட்டுக்குட்டி முதுகைத் தடவுற மாதிரியே இருக்குது, சம்பந்தி! தோலையே இவ்ளோ பதமா போட்டிருக்கிறவரு காமிராவை எவ்ளோ பதமா செஞ்சிருப்பாரு!”

ஆம்பூர் பஜாரில் நிசார் அஹமதுவின் கடையில், நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார் தோல் பதனிடும் டேனரியின் முதலாளி கவுஸ் பாஷா. மடியில் ஒரு ரெட்டைக் கண் காமிரா. மேல் கண் நாம் பார்க்க, கீழ்க் கண் படம் பிடிக்க. அவர் அந்த இரண்டு கண்களையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காமிராவைத் திருப்பித் திருப்பி மோந்துகொண்டிருந்தார். ஆம்பூர்க்காரர்கள் எதை வாங்கினாலும் முதலில் மூக்குதான் பேசும்.

காமிராவின் நெற்றியில் ‘நிசார் ஸ்பெஷல், ஆம்பூர்’ என்று தங்க எழுத்து மின்னியது.

“உள்ளாற இருக்கிற கண்ணாடி, சக்கரம்லாம் கூட நீங்களே செய்யறதா?”

“எல்லாம் இங்கதான் சம்பந்தி. பின்கட்டுல பட்டறை இருக்குது,” என்ற நிசார், பார்வையைக் கூரைக்குக் கொண்டுபோனார்.

பட்டறையாம் பட்டறை! அங்கே இருந்தது ஒரு வெந்நீர்ச் சட்டியும் ஒரு பசைக் கிண்ணமும்தான். ‘லண்டனில் எங்கள் சொந்தப் பட்டறையில் செய்தது’ என்று பத்திரிகையில் விளம்பரம் போடுமே பட்டணத்து வில்மாட் கம்பெனி, அவர்களுடைய காமிராக்களை ஆள் விட்டு வாங்கி வருவார். வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றி, அவர்கள் பேர் போட்ட தோலை உரிப்பார். மெல்லிசாகச் சீவிய ஆட்டுத்தோலை ஒட்டி, மேலே தன் பேரைப் பதிப்பார். முடிந்தது வேலை.

‘சொந்தமாகக் காமிரா செய்கிற வீடு’ என்று கேள்விப்பட்டுத்தான் கவுஸ் பாஷா தன் பிள்ளைக்கு நிசாரின் மகள் வஹீதாவைக் கேட்டிருந்தார். இன்றைக்கு நிக்காஹ் தேதி குறிக்க வந்திருக்கிறார். நல்ல பையன், நல்ல இடம். இதைக் கோட்டை விட்டால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

“நிசார் பாய் நீங்கதானா?”

கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர், ரயிலடியிலிருந்து நடந்து வந்த வியர்வையோடு படியேறினார்.

“நான் அருணகிரி. பட்டணத்துல வில்மாட் கம்பெனி மானேஜர்.”

நிசார் அவசரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“வாங்க சார், ஒக்காருங்க. சர்பத் சாப்பிடுங்க.”

“சர்பத் கெடக்கட்டும். அரக்கோணத்துலேருந்து ஒருத்தர் உங்க காமிராவ எங்ககிட்ட ரிப்பேருக்குக் கொண்டாந்தாரு. தொறந்து பாத்தா உள்ளே எங்க நம்பர் இருக்குது!”

“நம்பர்னா... ஒண்ணு, ரெண்டு, மூணு... அது எல்லாருக்கும் பொதுதானே சார்?”

“அதானே!” என்றார் கவுஸ் பாஷா. “எங்க தோல் கட்டுலகூட நம்பர் போடுறோம். அதுக்கு ஒருத்தன் ரயிலேறி வருவானா?”

அருணகிரி சண்டைக்குப் போகவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“பழைய தோலை உரிச்சது யாரு பாய்?”

“பழைய தோலா? அப்படின்னா இன்னா சார்?”

“சரி, புதுத் தோலு ஒட்டினது யாரு?”

“நான்தான்.”

“ஒட்டும்போது பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

சாட்சி தேடுகிறான் பாவி, என்று நினைத்தார் நிசார். “ஒரு ஈ, காக்கா இல்ல சார்.”

“உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வருமா?”

இங்கிலீஷில் எதையோ எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறான்! “உருது வரும், தமிழ் வரும். இங்கிலீஷு ஒரு எழுத்து தெரியாது சார்.”

“இவருக்கு?”

கவுஸ் பாஷா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “எனக்கு இன்னாத்துக்கு இங்கிலீஷு? லண்டன்காரன் எங்கிட்ட வாங்குறது தோலு, பேச்சு இல்ல! யாருய்யா நீ? எங்க சம்பந்திய நிக்க வெச்சு விசாரணை பண்றே? சம்பந்தி, இதுல இன்னாமோ இருக்குது. இன்னா வெவகாரம், சொல்லுங்க!”

நிக்காஹ் தேதி படியிறங்கிப் போவது நிசாரின் கண்ணுக்கே தெரிந்தது.

“ஒண்ணுமில்ல சம்பந்தி, சரக்கு விஷயம். ரெண்டே நிமிஷம்,” என்று அருணகிரியின் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார். திரையை இழுத்து மூடியதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஒத்துக்கறேன் சார். எல்லாம் உங்க காமிராதான். பதினாலு காமிரா. உரிச்சதும் நான், ஒட்டினதும் நான். இன்னா தண்டனை வேணா குடுங்க, வாங்கிக்கறேன். அந்த மனுஷன் முன்னாடி மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. எம் பொண்ணு வாழ்க்கை சார்!”

அருணகிரி திரையைத் துளி விலக்கிப் பார்த்தார். கவுஸ் பாஷா மறுபடியும் காமிராவை மோந்துகொண்டிருந்தார். திரையை விட்டுவிட்டு, நிசாரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். திரைக்கு வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“நான் எதுக்கு பாய் சொல்லப் போறேன்? நீங்களும் சொல்லிடாதீங்க. எங்க தோலை உரிச்சீங்களே, அதுக்கு அடியில தகட்டுல ஜெர்மன்காரன் பேரு வெட்டியிருந்துச்சே... அதை இந்த ஊர்ல யாரும் இன்னும் படிக்கலையே?”